பேரப்பிள்ளைக்குப் போகும் சொத்து: வரி எங்கே காத்திருக்கிறது?

"பாட்டன் சொத்து பேரனுக்கு" என்பது பத்திர எழுத்தர் அலுவலகம் முதல் ஊர்ப் பஞ்சாயத்து வரை தமிழ்நாட்டில் அடிபடும் வாசகம். அதோடு இன்னொரு நம்பிக்கையும் ஊறிப்போயிருக்கிறது. இந்தியாவில் வாரிசு வரி கிடையாது, ஆகவே தாத்தா பாட்டி எதைக் கொடுத்தாலும் பேரன் பேத்திக்கு வரித் தொல்லை வராது என்பதே அது. இரண்டும் பாதி உண்மைதான். பேரப்பிள்ளைக்கு உரிமை தானாக வந்துவிடுவதில்லை. சொத்து கைமாறும் நாளில் வருமான வரி இல்லை என்பது சரி. ஆனால் கைமாறிய பிறகு அந்தச் சொத்து ஈட்டும் வட்டிக்கும் வாடகைக்கும் வரி உண்டு. அதை விற்கும் நாளில் வரி உண்டு. பதிவு செய்யும்போது முத்திரைத் தீர்வை உண்டு. இந்த மூன்றும் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சொத்தின் அளவு அல்ல. யார் பெயரில், எந்த வயதில், எந்தப் பத்திரத்தால், எந்தப் பழைய காகிதங்களோடு அது போய்ச் சேர்ந்தது என்பதுதான். விவரம் தெரிந்தவர் சட்டப்படியே குறைவாகக் கட்டுகிறார். தெரியாதவர் கட்டத் தேவையில்லாததையும் கட்டுகிறார். நம் நாட்டில் மூன்றாம் தலைமுறைக்குப் போகும் சொத்தின் மீதான வரி, நடைமுறையில், அறியாமையின் மீதான வரியாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உரிமையைப் பார்ப்போம். பழைய மிதாட்சர முறையில் பேரனுக்குப் பிறப்பாலேயே பாட்டன் சொத்தில் பங்கு இருந்தது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் தனிச் சொத்து அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகிய முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. பேரப்பிள்ளை அந்தப் பட்டியலில் வர வேண்டுமானால் அதன் தந்தையோ தாயோ, அதாவது இறந்தவரின் மகனோ மகளோ, முன்னரே இறந்திருக்க வேண்டும். அப்படித் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து மகனின் தனிச் சொத்துதான், பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை என்று சந்தர் சேன் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தின் கதை வேறு. அங்கே பேரனுக்கு மட்டுமல்ல, 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட திருத்தங்களால் மகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் சம்பாதித்து வாங்கிய வீட்டையும் வங்கியில் சேர்த்த பணத்தையும் பொறுத்தவரை, மகன் மகள் உயிரோடு இருக்கும்போது பேரப்பிள்ளைக்கு எதுவும் போய்ச் சேர வேண்டுமானால் தாத்தாவோ பாட்டியோ உயில் எழுத வேண்டும், இல்லையேல் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம்தான் தொடக்கம். வரியின் போக்கும் அந்தப் பத்திரத்திலிருந்தே பிறக்கிறது.

இந்தியா எக்காலத்திலும் வாரிசு வரி இல்லாத நாடாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. 1953 அக்டோபர் 15 முதல் எஸ்டேட் தீர்வைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தையும் மதிப்பிட்டு, படிப்படியாக ஏறும் விகிதத்தில் வரி வாங்கினார்கள். உச்சத்தில் அந்த விகிதம் 85 சதவீதம் வரை போனது. சாவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்த தானங்களையும் சொத்தோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். பொருளியலாளர் நிக்கலஸ் கால்டாரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் சொத்து வரியும் 1958இல் தான வரியும் வந்து சேர்ந்தன. காகிதத்தில் பார்த்தால் எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. ஆனால் 1985இல் எஸ்டேட் தீர்வையை நீக்கியபோது நிதியமைச்சர் வி.பி. சிங் சொன்ன காரணம் எளியது: ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வசூலாகிறது, அதை நிர்வகிக்கும் செலவோ அதற்குப் பொருந்தாத அளவு அதிகம். தான வரி 1998 அக்டோபரில் போனது. சொத்து வரி 2015ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நீங்கியது. விகிதம் உயர்ந்தால் வசூலும் உயரும் என்பதில்லை. மதிப்பீட்டில் தகராறும் வழக்கும் மிஞ்சினால் வரி பெயருக்குத்தான் இருக்கும் என்பது அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளின் பாடம்.

பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதைத் தனியாகக் குறிவைத்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் தாத்தா இறந்து மகனுக்குச் சொத்து போகும்போது ஒரு முறை, மகன் இறந்து பேரனுக்குப் போகும்போது மறுமுறை என இரண்டு தடவை எஸ்டேட் வரி விழும். பெரும் பணக்காரர்கள் டிரஸ்ட் அமைத்து நடுத்தலைமுறையைத் தாண்டிப் பேரனுக்கே சொத்தைச் சேர்த்து ஒரு தடவை வரியை மிச்சப்படுத்தினார்கள். அந்த வழியை அடைக்கத்தான் 1976இல் தலைமுறை தாண்டும் மாற்றத்துக்கென்று தனி வரி கொண்டுவரப்பட்டு, 1986இல் அது புதிதாக எழுதப்பட்டது. இன்று அதன் விகிதம் 40 சதவீதம். ஆனால் 2026இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை விலக்கு இருப்பதால் மிகச் சில குடும்பங்களே அதைச் சந்திக்கின்றன. தென்கொரியாவில் மகனைத் தாண்டிப் பேரனுக்குக் கொடுத்தால் வழக்கமான வரியின் மேல் 30 சதவீதம் கூடுதல். ஜப்பானில் பேரப்பிள்ளை வாரிசாகப் பெற்றால் 20 சதவீதம் கூடுதல். அதன் தந்தையோ தாயோ முன்னரே இறந்து அவர் இடத்தில் வந்தால் மட்டும் அது இல்லை. ஜெர்மனியில் பிள்ளைக்கு 4 லட்சம் யூரோ வரை விலக்கு என்றால், பெற்றவர் உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைக்கு 2 லட்சம்தான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும் என்பதே இவற்றின் பொது நியாயம். இந்தியாவில் முதல் தலைமுறைக்கே வாரிசு வரி இல்லாததால் தாண்டுவதற்குத் தடையும் இல்லை. ஆனாலும் நம் வருமான வரிச் சட்டம் பேரப்பிள்ளையைக் கவனிக்காமல் விடவில்லை.

இன்றைய விதி இதுதான். உறவினரல்லாதவர் தரும் அன்பளிப்பைப் பெறுபவரின் வருமானமாகக் கருதும் முறை 2004 செப்டம்பரில் வந்தது. அதன் வரம்பு இப்போது ஆண்டுக்கு 50,000 ரூபாய். உறவினர் பட்டியலில் நேர்வழி முன்னோரும் நேர்வழி வழித்தோன்றலும் இருப்பதால் அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி எல்லோரும் அதில் அடங்குவர். அவர்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் பெறும் பேரப்பிள்ளைக்கு வரி இல்லை. உயில் வழியாக வருவதற்கும் இல்லை. இதுவரை நற்செய்தி. சிக்கல் கொடுத்த மறுநாள் தொடங்குகிறது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் பெயரில் இருக்கும் பணம் ஈட்டும் வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். பணத்தைக் கொடுத்தது பாட்டி என்றாலும் வரி கட்டுவது அப்பாவோ அம்மாவோதான். பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் மட்டும் விலக்கு. புதிய வரி முறையில் அதுவும் இல்லை. பிள்ளை தன் சொந்தத் திறமையாலோ உழைப்பாலோ ஈட்டியதும், சட்டம் வரையறுத்த அளவு மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் வருமானமும் மட்டுமே இந்தச் சேர்க்கைக்கு வெளியே நிற்கும்.

இதன் எடையை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டி தன் 20 லட்ச ரூபாயைப் பத்து வயதுப் பேரன் பெயரில் 7 சதவீத வட்டிக்கு வைப்புத்தொகையாகப் போடுகிறார். ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். பிள்ளையின் தந்தை 30 சதவீதப் படியில் இருந்தால் செஸ் உட்பட 31.2 சதவீதம், அதாவது 43,680 ரூபாய் வரி. அதே பணம் பாட்டி பெயரிலேயே இருந்து, அவருடைய ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து 12 லட்சத்துக்குள் அடங்கினால், 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதுப் பேத்தி பெயரில் போட்டு அவளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அப்போதும் வரி இல்லை. பேரனுக்குப் பதினெட்டு ஆகும் வரை எட்டு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் சுமார் மூன்றரை லட்சம் ரூபாயை வெறும் பெயர் மாற்றத்துக்காக இழக்கிறது. அன்பு குறையவில்லை, சொத்து கூடவில்லை, வரி மட்டும் முளைத்தது. பணம் தன் பெயரில் இருக்கட்டும், உயிலிலும் வங்கி நியமனத்திலும் பேரன் பெயர் இருக்கட்டும் என்று அந்தப் பாட்டி முடிவு செய்திருந்தால் இழப்பே இல்லை. பேத்திக்குச் செல்வமகள் கணக்கு தொடங்கலாமே என்பார்கள். அதன் வட்டிக்கு வரி இல்லை என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கணக்கைத் தாத்தா பாட்டி பாதுகாவலராக நின்று தொடங்க முடியாது. அப்படித் தொடங்கியிருந்த பழைய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றும்படி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. பணம் தாத்தாவுடையதாக இருக்கலாம், கணக்கு பெற்றோர் வழியாகத்தான்.

இந்தச் சேர்க்கை விதிக்கு ஒரு முன்கதை உண்டு. 1973 ஜூன் 1க்குப் பிறகு மருமகளுக்கோ மகனின் மைனர் பிள்ளைக்கோ கொடுத்த சொத்தின் வருமானத்தைக் கொடுத்த தாத்தா பாட்டியின் கணக்கிலேயே சேர்க்கும் விதி அக்காலத்தில் இருந்தது. மகள் வழிப் பேரப்பிள்ளைகளை அது தொடவில்லை. மைனரின் வருமானம் பெற்றோர் தலையில் என்ற பொது விதி 1990களின் தொடக்கத்தில் வந்ததும் பேரப்பிள்ளை குறித்த பகுதி நீங்கியது. மருமகள் குறித்த பகுதி மட்டும் இன்றும் நிற்கிறது. "பேரனுக்காகத்தான்" என்று மருமகள் பெயரில் கடையை எழுதிவைத்து, அதன் வாடகை ஆண்டுதோறும் தங்கள் வருமானத்தில் சேர வேண்டும் என்பதை அறியாத பெரியவர்கள் வருமான வரி நோட்டீஸ் வந்த பிறகே திகைக்கிறார்கள்.

வீடு, மனை என்று வந்தால் இரண்டு இடங்களில் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்று சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் வந்த இந்த உச்சவரம்புகள் பேரப்பிள்ளைக்கு எழுதுவதற்கும் பொருந்தும். 90 லட்ச ரூபாய் வீட்டைப் பேத்திக்குச் செட்டில்மென்ட் எழுதினால் 50,000 ரூபாயோடு முடியும். அதையே கிரயமாக எழுதினால் 9 சதவீதக் கணக்கில் எட்டு லட்சத்துக்கு மேல் போகும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. இரண்டாவது இடம், பேத்தி அந்த வீட்டை விற்கும் நாள். இலவசமாக வந்ததுதானே, விற்ற தொகை முழுவதும் லாபம் என்று நினைப்பதும் தவறு. இலவசமாக வந்ததால் வரியே இல்லை என்று நினைப்பதும் தவறு. கொடுத்தவர் என்ன விலைக்கு வாங்கினாரோ அதுவே பேத்தியின் அடக்கவிலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. தாத்தா வைத்திருந்த காலமும் பேத்தியின் காலத்தோடு சேரும் என்பதால் மறுநாளே விற்றாலும் நீண்டகால மூலதன ஆதாயம்தான்.

மதுரையில் 1985இல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 2001இல் அதன் மதிப்பு 6 லட்சம். 2010இல் தாத்தா 12 லட்சம் செலவழித்து மாடி கட்டினார். பேத்தி 90 லட்சத்துக்கு விற்கிறாள். 2024 ஜூலை 23க்குப் பின் உள்ள 12.5 சதவீத விகிதத்தில், ஒரு காகிதமும் இல்லாமல் முழுத் தொகையும் லாபம் என்று காட்டினால் வரி 11,25,000 ரூபாய். 2001 மதிப்புக்கும் மாடி கட்டிய செலவுக்கும் சான்று இருந்தால் லாபம் 72 லட்சம், வரி 9 லட்சம். வேறுபாடு இரண்டே கால் லட்சம். அந்தத் தொகையைக் காப்பாற்றுவது ஆலோசகரின் சாமர்த்தியம் அல்ல. பீரோவில் பத்திரமாக இருக்கும் மூலப்பத்திரம், 2001ஆம் ஆண்டின் வழிகாட்டி மதிப்புக்கான ஆதாரம், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, மாடி கட்டிய திட்ட அனுமதி, சிமென்ட் கம்பி ரசீது, கொத்தனார் மேஸ்திரிக்குக் கொடுத்த வங்கிக் காசோலைப் பதிவு ஆகியவைதான். இவற்றைத் திரட்ட ஏற்ற ஆள் வீட்டைக் கட்டிய தாத்தா மட்டுமே. அவர் போன பிறகு பேத்தியால் அந்த விவரங்களை மீட்க முடியாது. செட்டில்மென்ட் பத்திரத்தோடு இந்தக் காகிதங்களின் கோப்பையும் ஒப்படைப்பதுதான் முழுமையான கொடை.

இன்னொரு பூட்டும் கவனிக்கத்தக்கது. மைனர் பேரன் பெயரில் வீட்டை எழுதிவிட்டால், இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோரால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மருத்துவச் செலவோ கல்லூரிக் கட்டணமோ வந்து நின்றாலும் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதன் வாடகையும் பெற்றோர் வருமானத்தில் சேரும். ஆகவே மைனருக்கு அசையாச் சொத்தை உயிலில் எழுதுவதும், பேரன் வளர்ந்த பிறகு செட்டில்மென்ட் எழுதுவதும் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றவை. டிரஸ்ட் ஒரு வழிதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று குறிப்பிடாமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்ட தனியார் டிரஸ்டுக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். சார்ந்து வாழும் உறவினருக்காக மட்டும் உயில் வழியாக ஒருவர் ஏற்படுத்தும் ஒரே டிரஸ்டுக்குச் சாதாரணப் படி விகிதம் கிடைக்கும். தானாக வாழ இயலாத பேரப்பிள்ளை உள்ள குடும்பம் இந்த விலக்கைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

பேரப்பிள்ளை கடல் கடந்து இருந்தால் விதிகள் இரட்டிக்கின்றன. வெளிநாடுவாழ் இந்தியர் தோட்டத்தையோ வயலையோ வாரிசாகப் பெறலாம். அன்பளிப்பாகப் பெற முடியாது. தஞ்சாவூர் நஞ்சை நிலத்தை அமெரிக்கப் பேரனுக்குச் செட்டில்மென்ட் எழுதுவது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு முரண். உயிலில் எழுதுவது செல்லும். அமெரிக்கக் குடிமகனான பேரன் இந்தியத் தாத்தாவிடமிருந்து பெற்றதற்கு அங்கே வரி இல்லை. ஆனால் ஓராண்டில் பெற்றது ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் படிவம் 3520இல் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தொகையில் 25 சதவீதம் வரை அபராதம் போகக்கூடும். எதிர்த்திசையில் ஓர் ஆபத்தும் உண்டு. சென்னையில் இருந்தபடியே அமெரிக்க நிறுவனப் பங்குகளை வாங்கிக் குவித்த தாத்தா இறந்தால், அந்நாட்டில் வசிக்காத அயலவருக்கு எஸ்டேட் வரி விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி ஏறும். இரு நாடுகளுக்கும் இடையே எஸ்டேட் வரி ஒப்பந்தமும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிர்ப்புகள் உண்டு. முதலாவது, இப்படிக் கணக்குப் பார்த்து வரியைக் குறைப்பது முறையா என்பது. சட்டத்தின் வரம்புக்குள் திட்டமிடுவது முறையே, போலி ஏற்பாடுகள்தான் கூடாது என்ற கோட்டை 1985இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரைந்தது. பணத்தைத் தன் பெயரிலேயே வைத்திருப்பதும் பழைய ரசீதைக் காப்பதும் அந்தக் கோட்டுக்கு மிகவும் உள்ளே நிற்பவை. இரண்டாவது எதிர்ப்பு வலுவானது: எஸ்டேட் வரி மீண்டும் வரும் என்கிறார்கள், அதற்குள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதுதானே புத்தி? 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் வாரிசு வரி குறித்து எழுந்த சர்ச்சைக்குப் பிறகு இந்த அச்சம் கூடியிருக்கிறது. ஆனால் பழைய சட்டமே சாவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுத் தானங்களைப் பிடித்தது, பிரிட்டன் ஏழு ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்கிறது. அவசரப் பத்திரம் வராத வரியிலிருந்து காப்பாற்றுமா என்பது நிச்சயமில்லை. எழுதியவரை வீடில்லாதவராக்கும் ஆபத்து மட்டும் நிச்சயம். பெற்றவர் ஏற்றுக்கொண்டு பதிவான செட்டில்மென்ட்டை எழுதியவர் தன் விருப்பப்படி ரத்து செய்ய முடியாது. உயிலைக் கடைசி நாள் வரை மாற்றலாம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007இல் வந்தது; கவனிக்கத் தவறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கும் வழியை அது தருகிறது என்பார்கள். சட்டத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகள் என்ற வரையறையில் பேரன் பேத்தியும் அடங்குவர். ஆயினும் பராமரிப்பு என்ற நிபந்தனையோடு கொடுத்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொண்டது. தீர்ப்பு எப்படிப் போகும் என்று காத்திருப்பதைவிட, வாழ்நாள் முழுவதும் குடியிருக்கவும் வாடகை பெறவும் தனக்கு உரிமை உண்டு என்றும், பராமரிப்பு நிபந்தனை என்றும் பத்திரத்திலேயே எழுதிவிடுவதே காவல்.

கடைசி எதிர்ப்பு நீதி சார்ந்தது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வு, 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தாரிடம் இருந்ததாகக் கணக்கிடுகிறது. அப்படியிருக்க, பேரனுக்குப் போகும் பெரும் சொத்துக்கு வரியே இல்லாதிருப்பது நியாயமா? நியாயமில்லை என்றே கருதுகிறேன். மிக உயர்ந்த விலக்கு வரம்பும், மிதமான விகிதமும், தகராறு இல்லாத மதிப்பீட்டு முறையும் உள்ள ஒரு வாரிசு வரியை விவாதிக்க நாடு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இன்றைய ஏற்பாடு பெரும் சொத்தைத் தொடாமல், பத்து வயதுப் பேரனின் வைப்புத்தொகை வட்டியைத் தேடிப் பிடிக்கிறது. மைனருக்கான 1,500 ரூபாய் விலக்கைக் காலத்துக்கேற்ப உயர்த்தி இரு வரி முறைகளிலும் தருவதும், 2001 வழிகாட்டி மதிப்பை ஒவ்வொரு செட்டில்மென்ட் பத்திரத்திலும் பதிவுத்துறையே அச்சிட்டுக் கொடுப்பதும் அரசுக்குப் பெரிய இழப்பைத் தரா. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடம் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு உரியது. பிரிவு எண்கள் மாறினாலும் இங்கே சொன்ன அடிப்படைகள் மாறவில்லை. மேற்சொன்ன சீர்திருத்தங்கள் வரும் வரையில் குடும்பம் பின்பற்ற வேண்டிய வரிசை இதுதான்: முதலில் கொடுப்பவரின் முதுமைக்கான வருமானமும் கூரையும், அடுத்து பேரப்பிள்ளையின் வயதுக்கும் இருப்பிடத்துக்கும் ஏற்ற பத்திரம், அதன் பிறகு வரிக் கணக்கு. முதல் இரண்டும் சரியாக அமைந்த வீட்டில் மூன்றாவது பெரும்பாலும் தானே குறைந்துவிடும். அவற்றைத் தலைகீழாக்கிய வீட்டில் மிச்சம் பிடித்த வரியைவிட இழந்தது அதிகமாக இருக்கும்.